முதல் ஐட்டமும் கடைசி ஐட்டமும்: அமெரிக்க வாடவில் மேடையின் பேசாத கலைஞர்கள்

நியூயார்க் பேலஸ் தியேட்டருக்குக் கலைஞர்களை அமர்த்தும் பொறுப்பில் இருந்தவர் ஜார்ஜ் காட்லீப். ஒரு மாலைக்கான ஒன்பது ஐட்டங்களை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்று அவர் விளக்கியது, வாடவில் எனப்பட்ட பல்சுவை மேடைக்கு எழுதுவது பற்றி 1915-இல் பிரெட் பேஜ் வெளியிட்ட கையேட்டில் பதிவாகியிருக்கிறது. முதல் இடம் பேச்சில்லாத ஐட்டத்துக்கு. நாய் வித்தையோ நடனமோ எதுவானாலும் சரி, வாய் திறக்கக் கூடாது. அந்த நேரத்தில்தான் ஜனங்கள் வந்து இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள். அப்போது சொல்லும் நகைச்சுவை யார் காதிலும் விழாது. கடைசி இடத்துக்கும் அதே விதி. கூட்டம் கிளம்பத் தொடங்கிவிடும் என்பதால், போகிறவர்களைக் கண்ணால் கட்டிப்போடும் பெரிய காட்சி தேவை. ஜப்பானிய வித்தைக் குழுவோ மிருகக் காட்சியோ அங்கே வரும்.

பாடகர்கள், நகைச்சுவையாளர்கள், புகழ்பெற்ற நாடக நட்சத்திரங்கள் எல்லாரும் இந்த இரு முனைகளுக்கும் நடுவில். வாடவில் பற்றிய வரலாறுகளும் பெரும்பாலும் நடுவில் நின்றவர்களின் வரலாறுகளே. பின்னாளில் சினிமாவுக்கும் வானொலிக்கும் போனவர்கள் அவர்கள். நினைவுக் குறிப்புகள் எழுதியவர்களும் அவர்கள்தான். பந்து வீசியவர்கள், கம்பியில் நடந்தவர்கள், குட்டிக்கரணம் போட்டவர்கள், மிருகங்களைப் பழக்கியவர்கள் ஆகியோர் அந்த மேடைக்கு எவ்வளவு முக்கியமானவர்கள், அவர்கள் ஏன் முதலில் காணாமல் போனார்கள் என்பதே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. என் பதில் இது: வாடவில்லின் கலை அவர்களிடமிருந்தே பிறந்தது. சினிமாவின் முதல் தீனியும் அவர்கள்தான். சினிமா முதலில் பிடித்துக்கொண்ட இடமும் அவர்களுடையதுதான்.

இந்த மேடைக்கு ஒழுக்கமான பெயர் கிடைத்தது மெல்லத்தான். 1860-களில் பல்சுவை நிகழ்ச்சிகள் நடந்த இடங்கள் பெரும்பாலும் மதுக்கூடங்களை ஒட்டியவை; குடும்பப் பெண்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். டோனி பாஸ்டர் 1881 அக்டோபரில் நியூயார்க் பதினான்காம் தெருவில் டம்மானி ஹால் கட்டடத்தில் தன் தியேட்டரைத் திறந்தபோது, பெண்களையும் குழந்தைகளையும் வரவழைப்பதையே குறியாக வைத்தார். மாவு, நிலக்கரி என்று வீட்டுக்கு உதவும் பொருட்களைப் பரிசாகக் கொடுத்தார். பாஸ்டன் நகரில் பி. எஃப். கீத் 1885-இல் காலை முதல் இரவு வரை இடைவிடாமல் நடக்கும் காட்சிமுறையைக் கொண்டுவந்தார். அவரும் அவர் கூட்டாளி எட்வர்டு ஆல்பீயும் கட்டிய தியேட்டர்களில் பளிங்கும் கண்ணாடியும் மின்னின. மேடைக்குப் பின்னால் எச்சரிக்கைப் பலகை தொங்கியது. தெருவில் சாதாரணமாகப் புழங்கும் லேசான வசைச்சொல்லைச் சொன்னாலும் அந்த நிமிடமே வேலை போகும் என்பதுதான் அதன் சாரம். எட்வின் மில்டன் ராயில் என்ற நாடகக்காரர் 1899-இல் எழுதிய கட்டுரையில் அந்தப் பலகையை விவரித்திருக்கிறார்.

இந்தக் கட்டுப்பாடு பேசாத கலைஞர்களுக்குச் சாதகமாக அமைந்தது. சொல்லில்தான் ஆபாசம் இருக்கும் என்று முதலாளிகள் நம்பினார்கள். பந்தும் கம்பியும் யாரையும் புண்படுத்தாது. இன்னொரு பெரிய வசதியும் இருந்தது. அன்றைய நியூயார்க், சிகாகோ அரங்குகளில் உட்கார்ந்தவர்களில் பலர் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்து ஆங்கிலம் சரியாகப் பிடிபடாதவர்கள். நகைச்சுவைத் துணுக்கு அவர்களைத் தாண்டிப் போய்விடும். தொப்பி ஒன்று காற்றில் சுழன்று தலையில் வந்து உட்காருவது எல்லாருக்கும் புரியும்.

வரிசையின் நுட்பத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கல்யாணப் பந்தியில் எதை எப்போது பரிமாறுவது என்று தெரிந்த தலைமைச் சமையல்காரரைப் போன்றவர் வாடவில் மேலாளர். ஒரு ஐட்டம் பத்து முதல் இருபது நிமிடம். சில ஐட்டங்களுக்கு முழு மேடையும் வேண்டும். சிலவற்றுக்கு முன்விளிம்பிலிருந்து முதல் படுதா வரையுள்ள ஆறேழு அடி போதும். முழு மேடை ஐட்டம் முடிந்ததும் படுதா இறங்கும். அதற்கு முன்னால் ஒருவர் நின்று பேசுவார், பாடுவார். பின்னால் ஆட்கள் ஓசையில்லாமல் கம்பிகளைக் கழற்றி, அடுத்த காட்சிக்குச் சோபாவும் ஜன்னலும் பொருத்துவார்கள். இடைவெளி தெரியக் கூடாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் காட்சியைப் பார்த்துவிட்டு, எந்த ஐட்டம் எத்தனை நிமிடம் ஓடியது, எவ்வளவு மேடை எடுத்தது, கைதட்டல் எப்படி என்று மேலாளர்கள் தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினார்கள். 1902 முதலான அந்த அறிக்கைப் புத்தகங்கள் அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நட்சத்திரங்களின் நினைவுக் குறிப்புகளைவிட நம்பத்தகுந்த சான்று அவைதான் என்பது என் கருத்து. பேசாத கலைஞனின் பெயர் ஒழுங்காகப் பதிவான இடமும் பெரும்பாலும் அந்தத் தாள்களே.

ஜக்ளிங் எனப்படும் வீசிப் பிடிக்கும் வித்தையை எடுத்துக்கொள்வோம். பால் சிங்கெவாலி 1859-இல் அன்றைய பிரஷ்யாவின் லிஸ்ஸா நகரில் பிறந்தவர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. இளவயதில் ட்ரபீஸ் ஊஞ்சலிலிருந்து விழுந்து பலத்த காயம்பட்டு, அதன்பிறகே வீசிப் பிடிக்கும் வித்தைக்குத் திரும்பினார். பில்லியர்ட்ஸ் மேசைக்கான பச்சைத் துணியில் தைத்த சட்டை ஒன்று அவரிடம் இருந்தது. அதில் மேசையில் இருப்பதுபோலவே பைகள் தொங்கும். பந்துகளை மேலே எறிந்து, கழுத்தை வளைத்தும் தோளை ஆட்டியும் முதுகில் உருட்டி, தான் நினைத்த பைக்குள் விழவைப்பார். தன் உடம்பையே மேசையாக்கி ஒரு முழு ஆட்டத்தை ஆடிக் காட்டினார். இங்கிலாந்தின் மியூசிக் ஹால்களும் அமெரிக்க வாடவில்லும் அவரைக் கொண்டாடின. முதல் உலகப் போர் மூண்டதும் அவர் ஜெர்மானியர் என்ற வெறுப்பு எழுந்தது. 1918-இல் இறந்தபோது அந்தக் கொண்டாட்டத்தில் எதுவும் மிச்சமில்லை.

டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸை உலகம் பேசும் நடிகராகவே அறியும். 1890-களின் இறுதியில் மேடையேறிய ஃபீல்ட்ஸ் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. கந்தல் கோட்டும் ஒட்டுத்தாடியுமாக நாடோடி வேடத்தில் வந்து சுருட்டுப் பெட்டிகளை வைத்து வித்தை காட்டினார். இரண்டு கைகளிலும் ஒவ்வொரு பெட்டி. அவற்றின் நடுவே வேறு பெட்டிகள் அழுத்தத்தால் மட்டும் நிற்கும். நடுப்பெட்டியை விட்டுவிட்டு, அது கீழே விழுவதற்குள் கைப்பெட்டியைத் திருப்பி மறுபடி கவ்வ வேண்டும். இதைச் செய்ய நூறு பேர் இருந்தார்கள். ஃபீல்ட்ஸ் கண்டுபிடித்தது தவறவிடும் கலை. தொப்பி தலைக்கு வராமல் காலடியில் விழும். எரிச்சலோடு அதை உதைப்பார். அது எழும்பித் தலையில் உட்காரும். தவறுபோலத் தெரிந்த ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் பழகியது. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று அவர் சுற்றிவர முடிந்ததற்கு அந்த மௌனமே காரணம். அவருடைய பிற்காலப் படங்களில் கைத்தடியும் தொப்பியும் அவரோடு போடும் சண்டைகள் எல்லாம் அந்த முதல் ஐட்டத்தின் தொடர்ச்சிதான்.

இந்த வித்தைக்கு நம் பக்கத்திலும் ஒரு வேர் உண்டு. வாடவில் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னரே, மதராஸ் பக்கத்து வித்தைக்காரர்கள் லண்டன் மேடையில் நின்றார்கள். அவர்களில் 'ராமோ சமீ' என்று விளம்பரங்கள் அழைத்த கலைஞர் வாளை விழுங்கினார், பித்தளைப் பந்துகளைச் சுழற்றினார். அமெரிக்காவுக்கும் போய்வந்தார். வில்லியம் ஹாஸ்லிட் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1821-இல் வெளிவந்த தொகுப்பில் இருக்கிறது. நான்கு பந்துகளை ஒரே சமயத்தில் காற்றில் நிறுத்தும் ஒருவரின் முழுமைக்கு முன்னால் தன் எழுத்து எம்மாத்திரம் என்று அந்தப் பெரிய எழுத்தாளர் உண்மையாகவே கலங்கியிருக்கிறார். ராமோ சமீ 1850-இல் லண்டனில் வறுமையில் இறந்தார். வாடவில் ஜக்ளிங்கின் வரலாற்றை ஐரோப்பிய சர்க்கஸிலிருந்து மட்டும் தொடங்கி எழுதுகிறவர்கள் இவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு வாடவில் கொடுத்த இடம் பெரிது, மரியாதை குறைவு. சீன மந்திரவித்தைக்காரர் சிங் லிங் ஃபூ 1898-இல் அமெரிக்கா வந்து, வெறும் போர்வைக்குள்ளிருந்து தண்ணீர் நிரம்பிய பெரிய கிண்ணத்தை எடுத்துக்காட்டினார். அதைச் செய்துகாட்டுபவருக்கு ஆயிரம் டாலர் என்ற சவால் எழுந்தது. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் முன்வந்தார். அவருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது. ராபின்சன் தலையை மழித்துப் பின்னல் வைத்து, சங் லிங் சூ என்று பெயர் சூட்டிக்கொண்டு, சீனராகவே உலகை வலம்வந்தார். ஆங்கிலம் தெரியாதவராகக் காட்டிக்கொண்டு, பத்திரிகையாளர்களிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினார். 1918 மார்ச்சில் லண்டன் வுட் கிரீன் எம்பயர் தியேட்டரில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையில் குண்டு உண்மையாகவே பாய்ந்தபோது, அவர் ஆங்கிலத்தில் பேசினார் என்கிறார்கள். மறுநாள் இறந்தார். அசல் சீனரைவிடப் போலிச் சீனருக்கு அதிகப் புகழ் கிடைத்த இந்தக் கதை, அன்றைய மேடையின் நிறவெறியைத் தெளிவாகக் காட்டுகிறது.

நடுமேடையிலும் நிலைமை இதுவே. ஐரிஷ்காரர், ஜெர்மானியர், யூதர் என்று ஒவ்வோர் இனத்தையும் கேலி செய்வது வாடிக்கை. 1907-இல் ரஸ்ஸல் சகோதரர்களின் ஐரிஷ் வேலைக்காரி வேடத்துக்கு எதிராக ஐரிஷ் அமைப்புகள் அரங்குக்குள்ளேயே கூச்சலிட்டு எதிர்த்தன. அவர்களுக்குப் பலம் இருந்தது. கறுப்பின மக்களுக்கு அது இல்லை. பஹாமாஸில் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ் தன் தலைமுறையின் மிகச் சிறந்த நகைச்சுவை நடிகர்களில் ஒருவர். சொல்லே இல்லாமல் தனியாக உட்கார்ந்து போக்கர் ஆடுவதாக அவர் நடித்துக்காட்டியது மௌன நடிப்பின் உச்சம். அவர்கூட முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் மேடையேற வேண்டியிருந்தது. பல தியேட்டர்களில் கறுப்பினப் பார்வையாளர்களுக்கு உச்சிக் காலரிதான் இடம்.

குழந்தைகளும் மிருகங்களும் பட்ட பாட்டைச் சொல்லாமல் இந்த முனை ஐட்டங்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. 1895-இல் பிறந்த பஸ்டர் கீட்டன் ஐந்து வயதுக்குள்ளேயே பெற்றோரோடு மேடையேறினார். அப்பா ஜோ அவரைத் தூக்கிப் படுதாமேல் எறிவார், தரையில் துடைப்பம்போல இழுப்பார். எறிய வசதியாகச் சட்டையின் முதுகில் சூட்கேஸ் கைப்பிடி தைத்திருந்தார்கள். விழும்போது தான் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது என்பதைச் சிறுவனே கவனித்து முகத்தை இறுக்கிக்கொண்டான். அந்தச் சலனமற்ற முகம் பின்னால் உலகப் புகழ் பெற்றது. நியூயார்க்கின் குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சங்கம் பலமுறை தலையிட்டது. சில காலம் அந்த நகரில் அவர்கள் மேடையேற முடியாமலும் போனது. பிள்ளைக்கு அடிபடவில்லை என்பதே குடும்பத்தின் வாதம். கீட்டனும் கடைசிவரை அப்படியே சொன்னார். அவருடைய சொல்லை மதிக்கிறேன். அதனால் அந்தச் சங்கம் தலையிட்டது தவறு என்று ஆகிவிடாது.

மிருகங்களுக்குச் சாட்சி சொல்ல வாயில்லை. பூனைகளின் முதுகில் எலிகளைக் குதிரைப் பந்தய வீரர்களாக ஏற்றி ஓடவிட்ட ஸ்வெயின் என்பவரின் ஐட்டத்தை அன்றைய ஆட்கள் வியந்து பேசினார்கள். அந்தப் பழக்கம் எப்படி வருகிறது என்ற கேள்வியை எழுப்பியவர் ஜாக் லண்டன். அவர் இறந்தபின் 1917-இல் வெளிவந்த நாவல் ஒன்று, பயிற்சிக் கொட்டகைக்குள் நடக்கும் அடியையும் பட்டினியையும் விவரித்தது. அதைப் படித்தவர்கள் 1918-இல் அவர் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மிருக ஐட்டம் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவது உறுப்பினர்களின் உறுதிமொழி. முதல் ஐட்டம் பார்க்கத் தாமதமாக வருவதும் கடைசி ஐட்டத்தின்போது எழுந்து போவதும் அதுவரை அலட்சியத்தின் அடையாளம். இவர்கள் அதை எதிர்ப்பாக மாற்றினார்கள்.

இனி கூலிக் கணக்கு. பாடகி ஈவா டாங்குவே வாரத்துக்கு 3,500 டாலர் வரை வாங்கியதாகச் சொல்லப்பட்டது. முதல் ஐட்டக்காரருக்குப் பட்டியலிலேயே ஆகக் குறைந்த தொகை. ரயில் கட்டணமும், கம்பிகளையும் கூண்டுகளையும் ஏற்றி இறக்கும் செலவும் கலைஞர் தலையில். பாடகி ஒரு பெட்டியோடு ரயில் ஏறிவிடலாம். எட்டுப் பேர் கொண்ட ட்ரபீஸ் குழுவால் முடியுமா? கீத், ஆல்பீ கூட்டணி 1906-இல் யுனைடெட் புக்கிங் ஆபீஸை அமைத்தபோது, பெரிய தியேட்டர்களுக்குள் நுழைய அந்த ஒரே வாசல்தான் மிஞ்சியது. சம்பளத்தில் ஐந்து சதவீதம் அலுவலகத்துக்கு, ஐந்து சதவீதம் ஏஜெண்டுக்கு. ஏஜெண்டின் பங்கிலும் பாதியை அலுவலகமே சுற்றுவழியில் எடுத்துக்கொண்டது. 1900-இல் உருவான ஒயிட் ராட்ஸ் என்ற கலைஞர் சங்கம் 1901-இல் வேலைநிறுத்தம் செய்து தோற்றது; 1917-இல் மறுபடி முயன்று அடியோடு நொறுங்கியது. ஆரம்பத்தில் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அந்தச் சங்கத்தில் இடமில்லை. பாதிப் பேரை வெளியே நிறுத்திய சங்கத்துக்கு எதிர்த்து நிற்க எங்கே பலம் வரும்? பெடரல் டிரேட் கமிஷன் இந்த ஏகபோகத்தை விசாரித்து 1920-இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

இப்போது சினிமாவுக்கு வருவோம். எடிசன் கூடத்தின் கினெட்டோஸ்கோப் என்ற படம் பார்க்கும் பெட்டிகள் 1894-இல் நியூயார்க்கில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. அந்த ஆண்டு எடுத்த படங்களில் பலசாலி சாண்டோ தசைகளை முறுக்கினார், ஆனி ஓக்லி துப்பாக்கி சுட்டார், இரண்டு பூனைகள் குத்துச்சண்டை போட்டன. ஒலி இல்லாத கருவிக்கு ஒலி தேவைப்படாத கலைஞர்கள் வேண்டியிருந்தார்கள். மேடையின் முதல் ஐட்டமும் கடைசி ஐட்டமும் அப்படியே கிடைத்தன. 1896 ஏப்ரலில் எடிசனின் விட்டாஸ்கோப் கருவி கோஸ்டர் அண்ட் பயல் மியூசிக் ஹாலில் திரையில் படம் காட்டியது. ஜூனில் லூமியேர் சகோதரர்களின் கருவி கீத்தின் யூனியன் ஸ்கொயர் தியேட்டருக்கு வந்தது. வாடவில் பட்டியலில் படம் இன்னொரு ஐட்டமாக நுழைந்தது. போகப்போக அதன் வழக்கமான இடம் பட்டியலின் கடைசி.

அந்தக் கடைசி இடத்துக்கு என்ன பொருள் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய வாதம் நடந்திருக்கிறது. மக்களை வெளியே விரட்டவே படம் போட்டார்கள், 1900-ஐ ஒட்டி ஜனங்களுக்குப் படம் சலித்துவிட்டது என்பது பழைய கருத்து. ராபர்ட் சி. ஆலன் அதை மறுத்தார்: மேலாளர் அறிக்கைகளைப் பார்த்தால் படங்களுக்கு நல்ல கைதட்டல் இருந்தது, கடைசி இடம் என்பதே இழிவாகாது என்றார். சார்லஸ் மஸ்ஸர், சில ஆண்டுகள் உண்மையாகவே ஒரு தளர்ச்சி இருந்தது என்று பதில் சொன்னார். கைதட்டல் விஷயத்தில் ஆலன் பக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் இருவரும் படத்தின் தலைவிதியைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, அந்த இடத்தில் அதுவரை நின்றவர்களைப் பற்றிப் பேசவில்லை. கடைசி ஐட்டத்துக்கு எட்டுப் பேர் கொண்ட குழுவையும் ரயில் நிறையக் கம்பிகளையும் வரவழைத்த மேலாளருக்கு ஒரு டப்பாப் படச்சுருள் போதும் என்று ஆனது. படத்துக்கு அடிபடாது, பசிக்காது, அது சங்கம் வைக்காது. சின்ன ஊர் தியேட்டர்களில் ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து காட்சி நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது. மார்கஸ் லோ என்ற தியேட்டர் முதலாளி படத்தையும் மலிவான வாடவில்லையும் கலந்து தன் சாம்ராஜ்யத்தைக் கட்டினார். பின்னாளில் முழுநீளப் படம் மாலையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ள, ஐட்டங்கள் நான்கைந்தாகச் சுருங்கின.

சிலர் தப்பினார்கள். இங்கிலாந்தின் பாப் பெண்டர் குழுவோடு 1920-இல் நியூயார்க் வந்து பொய்க்கால் நடையும் குட்டிக்கரணமும் காட்டிய ஆர்ச்சி லீச், பின்னால் ஹாலிவுட் நடிகர் கேரி கிராண்ட் ஆனார். கீட்டன் 1917-இல் மேடையை விட்டுப் படத்துக்குப் போனார். வீசிப் பிடிக்கும் கலையின் சிகரமான என்ரிகோ ராஸ்டெல்லி 1920-களில் அமெரிக்க மேடைகளில் நின்றபோது, கூட்டம் எழுந்து போகவில்லை. பத்துப் பந்துகளை ஒரே சமயத்தில் காற்றில் வைத்த அவர் 1931-இல், முப்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு முன்பே இறந்தார். மற்றவர்கள் சர்க்கஸுக்கும் இரவு விடுதிகளுக்கும் சிதறினார்கள்.

ஆல்பீயின் கோட்டை 1928-இல் ஜோசப் கென்னடியின் கைக்குப் போய், ஆர்.கே.ஓ. என்ற படநிறுவனத்துக்குள் கரைந்தது. 1913-இல் திறந்த பேலஸ் தியேட்டர் 1932-இல் முழுநேரப் படக்கொட்டகையானது. அதற்கு முன்னரே, 1926 முதல் விட்டாஃபோன் குறும்படங்கள் வாடவில் ஐட்டங்களை ஒலியோடு பதிவுசெய்யத் தொடங்கியிருந்தன. ஆராய்ச்சிக்கு அவை பெரும் செல்வம். அவற்றில் பெரும்பாலானவை பாட்டும் பேச்சும் வாத்தியமும்; ஒலியை விற்க வந்த கருவிக்கு மௌனத்தால் பயனில்லை. எனவே 1920-களின் வாடவில்லைத் திரையில் தேடுகிறவர்களுக்குப் பட்டியலின் நடுப்பகுதி தாராளமாகக் கிடைக்கிறது. முதல் ஐட்டத்தையும் கடைசி ஐட்டத்தையும் பார்க்க எடிசன் கூடத்தின் அரை நிமிடச் சுருள்களுக்கும், ராஸ்டெல்லியைப் பதிந்த சில துண்டுகளுக்கும், அயோவாவில் உள்ள திங்கட்கிழமை அறிக்கைகளுக்கும் போக வேண்டும். அந்த அறிக்கைகளில் நட்சத்திரங்களுக்கு மேலேயும் கீழேயும் உள்ள வரிகளைத் தனியாகப் பிரித்து, குழு வாரியாக, ஊர் வாரியாகத் தொகுக்கும் வேலையை யாராவது முழுமையாக எடுத்துச் செய்ய வேண்டும்.